ஆடு படுக்காத இடம்

விடிந்ததும் கிடைவலையின் ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டார் மாடக்கண்ணு. ஆடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடைப்பக்கம் இறங்கின. மற்ற நாளென்றால் தொரட்டிக் கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு அவரும் பின்னாலேயே போயிருப்பார். அன்றைக்குப் போகவில்லை. இரவெல்லாம் ஆடுகள் படுத்துக்கிடந்த தரையில், எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவராகக் குனிந்த தலை நிமிராமல் நடந்தார். எங்கு பார்த்தாலும் புழுக்கை. மூத்திரம் ஊறிய இடமெல்லாம் கறுத்து ஈரமாகக் கிடந்தது. சிவப்புப் பெயிண்ட் அடித்த கல்லுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டார். கல்லைச் சுற்றி, ஓர் ஆள் கைகாலை நீட்டிப் படுக்கிற அளவுக்குத் தரை சுத்தமாக இருந்தது. பேருக்குக்கூட ஒரு புழுக்கை இல்லை. முந்தின நாள் காலையிலும் அப்படித்தான் இருந்தது, அதற்கு முந்தின நாளும் அப்படித்தான். சந்தேகம் தீரட்டும் என்றுதான் கிடையை இடம் மாற்றாமல் அங்கேயே போட்டிருந்தார். இப்போது தீர்ந்துவிட்டது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்து, அந்தச் சுத்தமான தரையில் உள்ளங்கையை வைத்தார்.

"இங்கனயா தாயி கெடக்க" என்றார். "ஒன் தலைமாட்டுலயா கல்ல நட்டுட்டானுவ."

ஆடு பிணத்தின் மேல் படுக்காது என்பது அவருடைய அப்பா சொன்னது. அப்பாவுக்கு அவருடைய அப்பா சொல்லியிருக்க வேண்டும். எந்த ஊர்க்காட்டில் கிடை போட்டாலும், விடிந்ததும் தரையைப் பார்த்துவிட்டு, இந்த இடத்தில் யாரையோ புதைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம் என்பார்கள். படிப்பு வராத மாடக்கண்ணுவுக்குப் பாடம் என்று வந்ததெல்லாம் இப்படி ஆட்டின் வழியாக வந்ததுதான். மழை வருமா என்பதை ஆடு சொல்லும். ஊருக்குள் சீக்கு வருவதை ஆடு சொல்லும். மனுசன்தான் பொய் சொல்லுவான், ஆட்டுக்கு என்ன வந்தது?

வேல்விழி அவருடைய இளைய மகள். மூத்தவள் சரண்யாதேவியைக் கயத்தாற்றில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டிலிருந்த ஒரே பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை ஒரு மூலையில் எறிந்துவிட்டுக் குட்டிகளோடு போய்ப் படுத்துக்கொள்வாள். வயிற்றின் மேல் ஒரு குட்டி, காலடியில் இரண்டு, கழுத்தை ஒட்டி ஒன்று என்று கிடக்கும். அப்படியே தூங்கியும் போவாள். சீருடையில் ஆட்டு வாடை அடிக்கிறது என்று டீச்சர் ஏசியதை வந்து சிரித்துக்கொண்டே சொல்வாளே தவிர, மாற்றிக்கொள்ள மாட்டாள். பிளஸ் டூ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவளுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தானே என்று கஷாயம் வைத்துக்கொடுத்தார்கள். தூத்துக்குடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, ரத்தத்தில் ஏதோ இறங்கிப்போயிற்று, முன்னாலேயே வந்திருக்கக் கூடாதா என்றார்கள். கூட்டிக்கொண்டு போன காரிலேயே மடியில் கிடத்திக் கொண்டுவந்தார்கள். கல்யாணமாகாத பிள்ளையை எரிக்கக் கூடாது என்று ஊரில் சொன்னதால், புதியம்புத்தூர் தாண்டி இருக்கிற இந்தச் சொந்தக் காட்டிலேயே, முள் மண்டிய ஓர் உடைமரத்தடியில் புதைத்தார்கள். புதுப் பாவாடை தாவணி உடுத்தி, திருச்செந்தூரில் அவளே பார்த்து வாங்கிய பச்சைக் கண்ணாடி வளையல்களைக் கை நிறையப் போட்டுத்தான் அனுப்பினார்கள். கல் நடவில்லை. மரம் இருக்கிறதே, கல் எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

இப்படிப் போகிற பிள்ளை அந்தப் பக்கத்தில் வீட்டுக்குக் கன்னித்தெய்வமாகிவிடும். தை பிறந்ததும் அவளுக்கென்று புதுத்துணி, வளையல், சீப்பு, பவுடர் எல்லாம் ஓலைப்பெட்டியில் வைத்துக் கும்பிட்டு, அந்தப் பெட்டியை வருஷம் முழுக்க வீட்டு உத்தரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். அடுத்த தைக்கு அந்தத் துணியைக் குடும்பத்திலிருக்கிற பெண்பிள்ளை எடுத்து உடுத்திக்கொள்ளும், பெட்டிக்குப் புதுசு போகும். சரண்யாதேவியின் மகள் சித்தியின் துணியை அளவு குறைத்துத் தைத்து உடுத்தித்தான் வளர்ந்தாள். செத்த பிள்ளைக்கு வருஷா வருஷம் அளவு பார்த்துத் துணி எடுப்பது எவ்வளவு கொடுமை என்பது பெற்ற தாய் செல்லக்கிளிக்குத்தான் தெரியும். மகளுக்கு வயதே ஏறவில்லை, ஜவுளிக்கடைக்காரனோ "பிள்ளைக்கு என்ன வயசு?" என்று கேட்காமல் விடுவதில்லை.

மரமே அடையாளம் என்று இருந்ததுதான் வினையாகப் போயிற்று. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு மார்கழி மழையில் ஊரெல்லாம் கடலானது. ஆடுகளைப் பள்ளிக்கூடத்து மாடியில் ஏற்றித் தப்பவைத்த மாடக்கண்ணு, வெள்ளம் வடிந்து காட்டுக்கு வந்து பார்த்தபோது அது அவருடைய காடாகவே இல்லை. ஓடை கரையை உடைத்துக்கொண்டு குறுக்கே பாய்ந்திருந்தது. கரிசல் மேல் முழங்கால் உயரத்துக்கு மணல். உடைமரத்தை வேரோடு காணவில்லை. கிழக்கே அண்ணன் தம்பியாக நின்ற இரண்டு பனைகளில் ஒன்றையும் காணவில்லை. அன்றைக்கு ஆரம்பித்தது புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் வழக்கு. ஓடையை ஒட்டித்தான் மரம் நின்றது என்பார் இவர். இல்லவே இல்லை, கிழக்கே தள்ளி என்பாள் அவள்.

"நான் எத்தன மத்தியானம் அந்த மரத்துல சாஞ்சு உக்காந்து அழுதுருக்கேன். ரெண்டு பனைக்கும் நடுவுல துறைமுகத்துச் சிம்னி தெரியும். எனக்கா தெரியாது?"

தூத்துக்குடி அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி, வானம் தெளிந்திருக்கிற நாளில், அந்தக் காட்டிலிருந்து பார்த்தால் தீக்குச்சியளவுக்குத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் இப்போது நிற்பது ஒற்றைப்பனை. ஒற்றைப்பனையை வைத்துக்கொண்டு எதற்கு நடுவில் என்று சொல்வது? இடம் தெரியாமல் எங்கே போய்ப் பொங்கல் வைப்பது என்று, வெள்ளத்துக்குப் பிறகு வந்த தைகளில் வீட்டிலேயே பெட்டியை இறக்கிக் கும்பிட்டுக்கொண்டார்கள்.

அந்த நிலையில்தான் டவர் லைன் வந்தது. தூத்துக்குடியில் ஆக்குகிற கரண்டைக் கயத்தாற்றுப் பக்கம் கொண்டுபோகப் புதிதாக ஒரு லைன். வழியில் யார் காடு கிடந்தாலும் அதன் மேலேதான் போகும். இந்த விஷயத்தில் நிலத்துக்காரனிடம் சம்மதம் கேட்பதில்லை, தகவல் சொல்வார்கள். பங்குனியில் நெல்லறுத்த வயல்களில் கிடை போட மாடக்கண்ணு ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஸ்ரீவைகுண்டம் பக்கம் போயிருந்தார். வைகாசி பிறந்து திரும்பி வந்தபோது காட்டின் நடுவில் சிவப்புக் கல் நின்றது. அங்கேதான் டவர் வரும் என்றார்கள். கம்பிக்குக் கீழே மரம் வளர்க்கக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது. தூறல் நேரத்தில் குடை பிடித்து நடந்தால் கை சுள்ளென்று இழுக்கும், ஆட்டுக்குச் சினை தங்காது என்று லைன் போன ஊர்க்காரர்கள் வேறு சொன்னார்கள். இதெல்லாம் மாடக்கண்ணுவுக்குக் கவலைதான். தாத்தா காலத்திலிருந்து கைமாறாத காடு. ஆனால் இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு பயம் அவருக்கு இருந்தது. டவருக்கு நாலு காலுக்கு நாலு குழி, ஒவ்வொன்றும் கிணறு ஆழம். இத்தனை பெரிய காட்டில் பிள்ளை எங்கே கிடக்கிறாள் என்று தெரியாமல், அதில் ஒரு குழி அவள் மேல் விழுந்துவிட்டால்? அந்தப் பயத்தில்தான் கல்லைச் சுற்றிக் கிடையைப் போட்டார். மரம் இருந்தவரைக்கும், உடைமுள் குளம்பில் ஏறும் என்று அந்தப் பக்கம் அவர் கிடை போட்டதே இல்லை. பிள்ளை இருக்கிற இடத்தை ஆட்டிடம் கேட்பது இதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது செல்லக்கிளி முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஆடு படுக்கலையாக்கும்."

"மூணு நாளாப் பாத்துட்டேன்ளா. ஒரு குட்டிகூட அண்டல. ஆளு நீளத்துக்கு அப்படியே கெடக்கு."

"அப்ப அது எம்பிள்ள இல்ல" என்றாள். "வேற யாரும் மேல படுக்காது, சரி. அவ மேல ஏன் படுக்காது? உசுரோட இருக்கையில அவ மேலதான படுத்துக் கெடந்துச்சுவ."

மாடக்கண்ணுவுக்குச் சுருக்கென்றது. பதில் தோன்றாத ஆண்பிள்ளைகள் செய்வதை அவரும் செய்தார், சத்தம் போட்டார். வாயில்லாச் சீவன் சொல்லிவிட்டது, வாயுள்ளவள் சும்மா கிட என்றார். அவள் முறத்தைத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

லைன் வேலையைப் பார்க்கிற கம்பெனியிலிருந்து ராஜபாண்டி என்றொரு அதிகாரி பைக்கில் வந்து போய்க்கொண்டிருந்தான். சின்ன வயது, நல்ல மாதிரி. மரியாதைக்குக் குறைவு வைக்காதவன். மாடக்கண்ணு சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அண்ணாச்சி, லைன மாத்துதது எங்கையில இல்ல. டவர மட்டும் லைனோட போக்குலயே கொஞ்சம் முன்னப்பின்ன தள்ளலாம். அதுக்கும் அடையாளம் கேப்பாங்க. கோயிலோ, கல்லறையோ, என்னமாவது இருக்கணும். ஆடு படுக்கலன்னு வெறுந்தரைய போட்டோ எடுத்து அனுப்புனா சிரிச்சிருவாங்க."

"அடையாளம் வச்சிட்டா தள்ளிருவியளா?"

"வச்சிட்டுக் கூப்பிடுங்க. நான் எழுதுதேன்."

புதியம்புத்தூரிலிருந்து ஒரு கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்தார் மாடக்கண்ணு. ஆடு படுக்காத அந்தத் தரையின் மேலேயே இடுப்பளவுக்கு ஒரு பீடம் எழும்பியது. அவரே சிமெண்ட் சட்டி சுமந்தார். வெள்ளையடித்து, மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, மாடத்தில் விளக்கேற்ற செல்லக்கிளியைக் கூப்பிட்டார். வரமாட்டாளோ என்று நினைத்தார், வந்தாள். எண்ணெயை ஊற்றித் திரியைத் தூண்டிவிட்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

"என்னமோ வாடை அடிக்கில்லா இங்கன?"

"புதுச் சுண்ணாம்பு. வாடை அடிக்காம?" என்றார். அவருக்கு எந்த வாடையும் தெரியவில்லை. கொரோனா வந்து படுத்தெழுந்ததிலிருந்து அவருடைய மூக்கு வேலை செய்வதை நிறுத்தியிருந்தது. தன் மேல் அடிக்கிற ஆட்டு வாடைகூட அவருக்குத் தெரிவதில்லை. உங்கள் பக்கத்தில் உட்காரமுடியாதது எனக்குத்தான் தெரியும் என்று செல்லக்கிளி அதைச் சொல்லிச் சிரித்த காலமும் உண்டு.

ராஜபாண்டி சொன்ன வாக்கைக் காப்பாற்றினான். பீடத்தை நாலு பக்கமும் நின்று செல்போனில் படம் எடுத்தான். சில வாரங்களில் உத்தரவு வந்தது. மேற்கே ஓடை, அங்கே டவர் நிற்காது என்று கிழக்கே தள்ளிப்போட்டார்கள். சுண்ணாம்புத் தூளால் நாலு கட்டம் போட்டுக்கொண்டிருந்த அன்று மாடக்கண்ணுவின் முகத்தில் வருஷக்கணக்கில் இல்லாத ஒரு களை இருந்தது. ஒரு அப்பன் மகளுக்குச் செய்யவேண்டியது எதையும் செய்ய வாய்க்காதவர், இதையாவது செய்துவிட்டார். ராஜபாண்டிக்குக் கொடுக்க மோர் கொண்டுவந்த செல்லக்கிளி, அந்தக் கட்டங்களைப் பார்த்ததும் செம்பைக் கீழே வைத்துவிட்டு ஓடினாள். மேற்குப் பக்கத்துக் கட்டத்துக்குள் போய் நின்றுகொண்டு ஒற்றைப்பனையைப் பார்த்தாள், தூரத்தைப் பார்த்தாள்.

"தம்பி, இங்கன வேண்டாம். இங்கனதான் எம்பிள்ள கெடக்கா. பழைய எடத்துலயே போட்டுக்கிடுங்க, தம்பி. ஒங்களக் கையெடுத்துக் கும்பிடுதேன்."

ராஜபாண்டி மாடக்கண்ணுவைப் பார்த்தான். "என்ன அண்ணாச்சி இது? ஒரு பிள்ளைக்கு ரெண்டு சமாதியா?"

அவன் குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே குழம்பித்தான் கேட்டான். சுண்ணாம்புச் சட்டியோடு நின்ற ஆட்கள்தான் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மாடக்கண்ணுவுக்குப் பொறுக்கவில்லை.

"நீங்க போடுங்க சார். பிள்ள போனதுலருந்து அவளுக்கு நெனப்பு சரியில்ல."

செல்லக்கிளி கும்பிட்ட கையை இறக்கினாள். அவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு கட்டத்தை மிதிக்காமல் தாண்டி வெளியே வந்து, செம்பை எடுத்து, மோரை எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்தாள்.

ஆவணியில் ஜேசிபி வந்தது. குழி தோண்டுகிற அன்று மாடக்கண்ணு ஆடுகளை ஓடைக்கு அந்தப்புறம் விட்டுவிட்டு, உச்சிவேளையில் பீடத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மிஷின் சத்தம் இங்கேவரை கேட்டது. பிள்ளை தூக்கம் கலையாமல் இருக்கவேண்டுமே என்று ஒரு கை பீடத்தைத் தடவிக்கொண்டிருந்தது. குழி ஆழம் பார்க்க வந்திருந்த இசக்கிராஜா கை கழுவத் தண்ணீர் கேட்டு வந்தான். மண் சோதனைக்குத் துளைபோடுகிற மிஷினோடு ஊர் ஊராய்ப் போகிறவன், கயத்தாற்றுக்காரன். மகளைக் கட்டிக்கொடுத்த ஊராயிற்றே என்று மாடக்கண்ணு குடத்தைச் சாய்த்து ஊற்றினார். அவன் பீடத்தைச் சுற்றிப் பார்த்தான்.

"இங்கனயா சாமி கட்டிருக்கிய? நல்ல எடம் பாத்திய போங்க. சித்திரையில மண்ணு பாக்க வந்தப்ப இங்கனதான மிஷின நிறுத்துனோம்."

"எங்கன?"

"இந்தா, இதே எடந்தான். கல்லுப் பக்கத்துல. அன்னைக்குப் பாத்து டீசல் டியூப்பு பிச்சுக்கிட்டு. ஒரு கேன் டீசல் பூராவும் இந்த மண்ணுதான் குடிச்சுது. மண்ண வெட்டி அப்புறப்படுத்துங்கலேன்னு சொன்னேன், எவன் கேட்டான்? மேல ரெண்டு சட்டி மணல அள்ளிப் போட்டு மூடிட்டுப் போயிட்டானுவ."

மாடக்கண்ணு குனிந்து, பீடத்தின் அடியில் விரலை விட்டுக் கிளறி, ஒரு பிடி மண்ணை எடுத்தார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ஆழமாக இழுத்தார். ஒன்றுமில்லை. மறுபடியும் இழுத்தார். கையை அவனிடம் நீட்டினார்.

"மோந்து பாரு தம்பி."

இசக்கிராஜா முகத்தைக் கிட்டே கொண்டுவந்து உடனே விலக்கிக்கொண்டான். "இன்னும் போகல அண்ணாச்சி. நாலு மழை பேஞ்சாத்தான் போவும். ஆடு மாடு வாய் வைக்காம பாத்துக்கிடுங்க."

அந்த மண்ணை எங்கே போடுவது என்று தெரியாமல் கையை மூடிக்கொண்டே மாடக்கண்ணு கிழக்கே நடந்தார். ஆடு பொய் சொல்லவில்லை. ஆட்டுக்குத் தெரிந்ததை அது சொன்னது, அவருக்கு வேண்டியதை அவர் கேட்டுக்கொண்டார். கல் நட்ட இடத்திலேயே டவர் வந்திருந்தால் டீசல் குடித்த வெறும் மண்ணைத்தான் தோண்டியிருப்பார்கள். பிள்ளை நிம்மதியாகக் கிடந்திருப்பாள். அவர்தான் காலைப் பிடித்து, கையைப் பிடித்து, பீடம் கட்டி, படம் எடுக்கவைத்து, டவரை அவள் மேல் கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

மூன்று குழிகள் முடிந்து மிஷின் நாலாவதில் இருந்தது. மேற்குக் குழியின் ஓரத்தில், வெட்டிப் போட்ட மண்குவியலின் மேல் செல்லக்கிளி உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்தே இருந்திருக்க வேண்டும். கைகளெல்லாம் மண். சேலை முந்தானையை இடுப்பில் செருகி மடியாகக் கட்டியிருந்தாள், மடியில் ஏதோ கனத்தது. அவரைக் கண்டதும் அதன் மேல் கையை வைத்துக்கொண்டாள். அவள் காலடியில், புது மண்ணில், பச்சையாக ஒன்று வெயிலில் மின்னியது. மாடக்கண்ணு அதைப் பார்த்ததை அவள் பார்த்தாளா தெரியாது. சும்மா காலை நகர்த்துகிறவள்போல நகர்த்தி அதன் மேல் வைத்து மூடினாள்.

"சோறு கொண்டாந்துருக்கேன்" என்றாள். "வாங்க, சாப்பிடுங்க."

நிறுத்துங்கலே என்று கத்த வாய்வரைக்கும் வந்தது. எதைச் சொல்லி நிறுத்துவது? குழி வெட்டி முடிந்துவிட்டது. இனி அங்கே யாரும் இல்லை. கையிலிருந்த மண்ணை உதறிவிட்டு வேட்டியில் துடைத்துக்கொண்டு சாப்பிடப் போனார். அவள் போட்ட சோற்றை, அவள் முகத்தைப் பார்க்காமல், கடைசிப் பருக்கைவரை தின்றார். ஒரு மனுசன் அழவும் முடியாமல் சோறு தின்பதைவிடப் பெரிய தண்டனை இருக்கிறதா என்ன.

கம்பி கட்டி, காங்கிரீட் ஊற்றினார்கள். ஐப்பசி மழை பெய்தது. மழை விட்ட நாளிலெல்லாம் டவர் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. செல்லக்கிளி அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஒரு வார்த்தை ஏசவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் போய்ப் பீடத்தில் விளக்கேற்றிவிட்டு வந்தாள். அங்கே பிள்ளை இல்லை என்று தெரிந்தும் எண்ணெய் ஊற்றுகிறாளே, யாருக்காக ஊற்றுகிறாள் என்பது மாடக்கண்ணுவுக்கு விளங்காமல் இல்லை. முடியைப் பிடித்து இழுத்து, கெடுத்தியே பாவி என்று நாலு அடி அடித்திருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. நினைப்பு சரியில்லாதவள் என்று ஊர் சிரிக்கச் சொன்னவனை இப்படியா காப்பாற்றுவது?

தை பிறந்தது. மாட்டுப் பொங்கலன்று காலையில், வீட்டிலேயே கும்பிட்டுக்கொண்டிருந்த வழக்கத்தை விட்டு, உத்தரத்திலிருந்து ஓலைப்பெட்டியை இறக்கித் தலையில் வைத்துக்கொண்டாள் செல்லக்கிளி. பீடம்தான் கட்டியாயிற்றே, அங்கே போய்க் கும்பிடுவோம் என்றாள். ஆடுகள் முன்னால் போயின. மாடக்கண்ணு தொரட்டிக் கம்போடு மண்வெட்டியையும் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் போனார். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"மம்பட்டி எதுக்கு?"

அவர் ஆடுகளை முடுக்கினார். பீடத்தடியில் போய்ப் பெட்டியை இறக்கக் குனிந்தாள்.

"எறக்காதளா" என்றார். "இங்கன இல்ல அவ."

பெட்டியைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"டீசலு. மிஷின்லருந்து கொட்டுன டீசலு. அதான் ஆடு படுக்கல." மண்வெட்டியைத் தரையில் ஊன்றிக்கொண்டார். "நீ சொன்ன எடந்தான். நானே கொண்டுபோயி அவ மேல வச்சிட்டேன்."

"எப்பத் தெரியும்?"

"குழி வெட்டுன அன்னைக்கே."

"அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா."

"நீயும் சொல்லலியே."

செல்லக்கிளி பெட்டியை மறுபடியும் தலையில் ஏற்றிக்கொண்டாள். "நீங்க தாங்கமாட்டியன்னு இருந்துட்டேன்" என்றாள். "இது ஒண்ணாவது எங்கப்பா செஞ்சாவன்னு அவளுக்கு இருக்கட்டுமேன்னு பாத்தேன்."

மாடக்கண்ணு அழுதார். நடுக்காட்டில், ஆடுகள் பார்க்க, மண்வெட்டிக் காம்பைப் பிடித்துக்கொண்டு, அத்தனை வருஷத்து அழுகையையும் சத்தம் போட்டு அழுதார். அவள் தடுக்கவில்லை. அழுது முடிக்கிறவரை நின்றுவிட்டுக் கிழக்கே நடந்தாள்.

டவர் முழுசாக நின்றது. கம்பி இன்னும் இழுக்கவில்லை. வெறும் இரும்புக் கைகளை இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு, அடுத்த காட்டில் நிற்கிற டவரையும் அதற்கடுத்ததையும் பார்த்துக்கொண்டு நின்றது. மேற்குக் காலின் காங்கிரீட் மேட்டில் முதுகைச் சாய்த்து செல்லக்கிளி உட்கார்ந்தாள். உடைமரத்தில் சாய்ந்து உட்கார்ந்ததும் இப்படித்தான் இருந்திருக்கும்.

"இங்கன வந்து உக்காந்து பாருங்க."

பக்கத்தில் போய் உட்கார்ந்தார். இடதுபக்கம் ஒற்றைப்பனை. வலதுபக்கம், போன பனைக்குப் பதிலாக நிற்பதுபோல, டவரின் கிழக்குக் கால். இரண்டுக்கும் நடுவில், வெகுதூரத்தில், வெள்ளமாய்க் கிடந்த உப்பளத்து வெளிச்சத்துக்கு மேலே, துறைமுகத்துச் சிம்னி தெரிந்தது. மெலிசாகப் புகை போய்க்கொண்டிருந்தது. மாடக்கண்ணு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஒன்றைப் பார்க்க அவர் ஒருநாள்கூட இங்கே வந்து அவளோடு உட்கார்ந்ததில்லை.

செல்லக்கிளி பெட்டியைத் திறந்தாள். புதுத்துணிக்கு அடியிலிருந்து ஒரு முடிச்சை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவளுடைய பழைய சேலைக் கிழிசலில் கட்டிய முடிச்சு. வளையல் துண்டுகள் உள்ளே நெரிந்து சத்தம் கேட்டது. வளையல் மட்டும்தானா என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மண்வெட்டியால் காங்கிரீட்டை ஒட்டித் தோண்ட ஆரம்பித்தார். போதும் என்று அவள் சொல்கிறவரை தோண்டினார். முடிச்சை இரண்டு கையாலும் உள்ளே வைத்தாள். அவர் கையாலேயே மண்ணைத் தள்ளி மூடினார். வெயிலேறி, புதுமண்ணின் ஈரம் மேலே நிறம் மாற ஆரம்பித்தது. ஆடுகள் ஒவ்வொன்றாக வந்து டவரின் நிழலில் கால் மடக்கின.

போன மாதம் பிறந்த குட்டியொன்று தாயைவிட்டு விலகி வந்தது. மூடிய மண்ணை மோந்து பார்த்தது. காலால் ஒருதரம் பறண்டியது. மாடக்கண்ணு பதறிப்போய் அதை விரட்டத் தொரட்டிக் கம்பை ஓங்கினார். செல்லக்கிளி அந்தக் கம்பைப் பிடித்துக்கொண்டாள்.

குட்டி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அந்த மண்ணின் மேல் படுத்து, கழுத்தை நீட்டித் தலையைக் கீழே வைத்தது.